கிலோ ஐம்பது ரூபாய்க்கு ஒரு புல்லட்

பெறுநர்
பார்சல் பிரிவின் பெரிய அதிகாரிகள்,
ரயில்வே வாரியம், ரயில் பவன்,
புது டெல்லி.

அனுப்புநர்
கனத்த மோட்டார் சைக்கிளும் மெலிந்த பர்ஸும் உடைய ஒரு குடிமகன்,
பரவை, மதுரை மாவட்டம்.

பொருள்: மோட்டார் சைக்கிளைக் காய்கறிக்குச் சமமாக நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கூடல்நகர் ஸ்டேஷனுக்கும் சமயநல்லூர் ஸ்டேஷனுக்கும் நடுவே, திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற பரவையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வைகை எக்ஸ்பிரஸும் பாண்டியன் எக்ஸ்பிரஸும் எங்கள் ஊரைத் தாண்டும்போது தவறாமல் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகின்றன. அந்த விஷயத்தில் உங்கள் நிர்வாகத்தின் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குப் பரவை என்றால் பாடகி முனியம்மா பாட்டி. சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்குக் காய்கறி மார்க்கெட். ராத்திரியில் லாரிகள் வந்து நிற்கும். ஊர் எழுந்து பல் தேய்ப்பதற்குள் தக்காளியும் கத்தரிக்காயும் கை மாறிவிடும். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கிலோ என்ன விலை என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அதனால்தான் உங்கள் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் கண் குத்திட்டு நின்றுவிட்டது.

பார்சலில் அனுப்புகிறவர் சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கென்று தனியாகச் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால், அந்தச் சரக்கு தொலைந்தாலும் நொறுங்கினாலும் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 103-ஆம் பிரிவை வைத்து நீங்கள் எழுதிய விதி இது. நான் உடனே மார்க்கெட் கணக்குப் போட்டேன். இப்போதைய புல்லட் 350-இன் எடை 195 கிலோ. ஆக, உங்கள் கையில் ஒப்படைத்த நிமிஷத்திலிருந்து அதன் விலை 9,750 ரூபாய். அதே கம்பெனியின் 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியர் 650 என்றால் 12,050 ரூபாய். அதன் சொந்தக்காரர் ஷோரூமில் மூன்றரை லட்சத்துக்கு மேல் எண்ணி வைத்திருப்பார் என்பது வேறு விஷயம். அது அவருடைய ஏமாளித்தனம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் எங்கள் ஊரில் 100 கிலோ தக்காளி வைத்திருந்தவர், புல்லட் வைத்திருந்தவரைவிடப் பணக்காரர். 15 கிலோ பெட்டி ஏழு இருந்தால் போதும், உங்கள் கணக்குப்படி ஒரு புல்லட்டை வாங்கிவிட்டு ரசத்துக்கும் மிச்சம் வைத்திருக்கலாம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வண்டியைப் பார்சலாகத் தனியே அனுப்பினால்தான் கிலோ 50. நானும் அதே ரயிலில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, வண்டியை லக்கேஜாகப் பதிவு செய்தால் கிலோ 100. அதாவது, அதே புல்லட், அதே பெட்டி, அதே தண்டவாளம். நான் ரெண்டு பெட்டி தள்ளி ஒரு மூலையில் தூங்கிக்கொண்டு வந்தால் அதன் மதிப்பு இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. நான் கூட இருப்பதற்கு இவ்வளவு மரியாதையை என் வீட்டில்கூடக் கண்டதில்லை. நன்றி.

இதே அரசாங்கத்தின் இன்னொரு வாசலில் நிலைமை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இது ஆடம்பரச் சொத்து, வைத்திருக்கிறவன் வசதியானவன், கொடுக்கட்டும் என்று அங்கே சொல்கிறார்கள். வரி கட்டிய ரசீதோடு அந்த ஆடம்பரச் சொத்தை உருட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், தராசில் தூக்கிப் போட்டுக் கிலோ 50 என்கிறீர்கள். வரி போடும்போது தங்கம், உடைந்தால் வெங்காயம். நிதித் துறையும் ரயில்வே துறையும் ஒருநாள் ஒரே டேபிளில் உட்கார்ந்து டீ குடித்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. மதிப்பை எழுதி, கட்டணத்தைக் கட்டினால் உங்கள் பொறுப்பு கூடும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் கவுன்ட்டருக்கு முன்னால் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு, படிவத்தில் இருக்கும் அந்தக் கட்டம் எதற்கு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? வண்டியில் கீறல் விழுந்த பிறகுதான் அந்தக் கட்டம் எல்லாருக்கும் பெரிதாகத் தெரிகிறது. நஷ்டஈடு வேண்டுமென்றால் சரக்கை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கேட்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. எங்களுக்கான அமர்வு சென்னையில். சென்னைக்கு எப்படிப் போவது? வண்டிதான் நசுங்கிவிட்டதே. உங்கள் ரயிலில்தான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு நஷ்டமே வராது என்பதை ஒரு வியாபாரிகள் ஊர்க்காரனாக மெச்சுகிறேன்.

இதே விதிகளில் யானைக்கும் குதிரைக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனி வரம்பு போட்டிருக்கிறீர்கள். கடைசியாக எந்த யானை பார்சல் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றது என்று கேட்கமாட்டேன். யானையைக் கிலோ கணக்கில் எடை போடக் கூடாது என்று உங்களில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த நல்ல மனசு மோட்டார் சைக்கிள் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, அனுப்பும் முறைக்கு வருகிறேன்.

ஆர்சி நகல், அடையாள அட்டை நகல், வண்டியின் இரண்டு பக்கமும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. இதெல்லாம் சரிதான். அடுத்து பேக்கிங். ஸ்டேஷன் வாசலிலேயே அதற்கு ஆள் இருப்பார்கள். டேங்குக்கு வைக்கோல், ஹெட்லைட்டுக்கு அட்டை, மேலே சாக்கு. கோணி ஊசியால் பரபரவென்று தைத்து முடித்தால், புல்லட் மிளகாய் மூட்டையாகிவிடும். தைக்கிறவர் கைக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு சாக்குதான் வண்டிக்கும் ஏற்றும்போது விழப்போகிற அடிக்கும் நடுவில் இருக்கிறது. அதுவும் கிழிசல்.

பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பான விதி. இதில் கிண்டல் செய்ய எதுவும் இல்லை. தீப்பற்றும் பொருளை ரயிலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று மதுரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். ஆகவே டேங்க் காய்ந்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். என் சந்தேகம் இறங்குகிற இடத்தில்தான். போய்ச் சேர்ந்த ஊரில், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாத 200 கிலோ வண்டியோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். பக்கத்துப் பங்க்கில் பாட்டில் கொண்டுபோனால் தரமாட்டோம், வண்டியைக் கொண்டுவா என்கிறார்கள்; அது அவர்களுக்குப் போட்ட பாதுகாப்பு விதி. வண்டியைக் கொண்டுபோகப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோல் வாங்க வண்டி வேண்டும். சரி, நிழல் வரட்டும், ஒரு ஆள் துணைக்குக் கிடைக்கட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவைத்தால், இலவச நேரம் முடிந்து வார்ஃபேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். ஆகக் கடைசியில் நான்தான் தள்ளுகிறேன். எந்த வண்டி என்னைச் சுமக்க வேண்டுமோ அதைச் சுமக்க நீங்கள், உங்களுக்குப் பிறகு நான்.

இப்போது முக்கியமான இடம். பிளாட்பாரம்.

உயரமான பிளாட்பாரம் என்று நீங்கள் சொல்வது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. பெட்டியின் தளம் அதைவிட இன்னும் சுமார் ஒன்றரை அடி மேலே. பயணிக்கு அது ஒரு படி. கைக்குழந்தையோடு ஏறுகிற அம்மாவுக்கே சிரமமான படி. 195 கிலோ இரும்புக்கு அது என்ன? ஒரு பெரிய ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) நின்று பார்த்திருக்கிறேன். லக்கேஜ் பெட்டியின் கதவு திறக்கிறது. நாலு பேர் சூழ்கிறார்கள். ரெண்டு பேர் முன் ஃபோர்க்கைப் பிடித்து முன் சக்கரத்தை உள்ளே தூக்கி வைக்கிறார்கள், அது சுலபம். அடுத்த நொடியில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கம்பி கதவு விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே. பின்னால் இருக்கிறவர்களுக்குப் பிடிக்க என்ன இருக்கிறது? மட்கார்டு, இண்டிகேட்டர், சைலன்சர். மூன்றுமே பிடிப்பதற்காகச் செய்ததல்ல. “ஏய், இண்டிகேட்டர பிடிக்காத, வந்துரும்” என்று ஒருவர் கத்தி முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. கையில் ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக்கோடு நின்றவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் சாக்குக்குள் சொருகினார். சிக்னல் விழுந்துவிட்டது. கார்டு விசில் ஊதுகிறார். ஒரே தம் கட்டி, ஒரே தள்ளு. உள்ளே மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டி சாய்ந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நாலு பேரின் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரு பலகை கிடையாது, சாய்தளம் கிடையாது, உள்ளே கட்ட ஒரு கொக்கி கிடையாது, நேரமும் கிடையாது. முதுகெலும்பு மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறது, அதையும் அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால், ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பரவை மார்க்கெட்டுக்கு வாருங்கள். காய் இறங்கி, கூட்டம் வடிந்திருக்கும். ரிப்பேராகிக் கிடக்கிற ஒரு புல்லட்டையோ, பிள்ளைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிற ஒன்றையோ ஏற்ற யாராவது குட்டி யானை பிடித்து நிற்பார்கள். 2005-ல் டாடா கம்பெனி ஏஸ் என்று பெயர் வைத்து இறக்கிய மினி லாரி. அந்தப் பெயரில் இங்கே யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. அதன் தொட்டி நீளமும் புல்லட் நீளமும் கிட்டத்தட்ட 7 அடி. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், கதவு மட்டும் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

டிரைவர் முதலில் செய்கிற காரியம் வண்டியைப் பின்னால் எடுத்து, சரக்கு இறக்குகிற மேட்டை ஒட்டி நிறுத்துவது. தொட்டிக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த பலகை. அவ்வளவுதான் தொழில்நுட்பம். உருட்டினால் ஏறிவிடும். தக்காளிச் சாறு பட்டு வழுக்கும் தகரத்தின் மேல் ஒரு சாக்கை விரிப்பார்கள். பிறகு லோடுமேன் அண்ணன் சொல்வார்: “சைடு ஸ்டாண்ட எடுத்துருங்கண்ணே. ஸ்டாண்ட நம்பாதீங்க, கயித்த நம்புங்க.” சத்தியமான பேச்சு. ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் மொத்த எடையும் அந்த ஒரு காலில் இறங்கும். ஒன்று ஸ்டாண்ட் வளையும், இல்லையென்றால் கயிறு தளர்ந்து வண்டி சாயும். அதனால் இரண்டு சக்கரமும் தரையில், முதல் கியரில், முன் சக்கரம் கேபின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் ஹேண்டில் மேல் சாய்ந்து அமுக்க, ஃபோர்க் பாதி இறங்கியதும் இன்னொருவர் இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கயிறு ஹேண்டிலில் அல்ல, அதற்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்பில். ஃபோர்க் மேலே எழும்பப் பார்க்கும், கயிறு கீழே இழுக்கும். அந்த இழுவையில்தான் வண்டி ஆடாமல் நிற்கிறது. முன் பிரேக்கை ஒரு பழைய டியூப் துண்டால் இறுக்கிவிடுவார்கள். பின்னால் இரண்டு கட்டு. கயிறு டேங்கை உரசும் இடத்தில் மடித்த சாக்கு. கடைசியாக, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க அரை மூட்டை வெங்காயம்.

இந்த டிரைவர்களில் பல பேர் தை மாதத்தில் பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் ஜல்லிக்கட்டுக் காளை ஏற்றிப் போகிறவர்கள். கால் வழுக்கி விழுந்தால் காளையின் சொந்தக்காரர் டிரைவரைச் சும்மா விடமாட்டார் என்று தெரியும். அந்தப் பயம்தான் இவர்களுடைய விதிப்புத்தகம். பிரிவு எண் கிடையாது, திருத்தம் கிடையாது.

குட்டி யானையும் குறையில்லாததல்ல. சரக்கின் சொந்தக்காரர் கேபினில் உட்காரலாம். தொட்டியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அது சரக்கு வாகனம். நம் ஆட்கள் நிற்கத்தான் செய்கிறார்கள், வாடிப்பட்டி வரும்போது போலீஸ் கண்ணில் படாமல் குனிந்துகொள்கிறார்கள். காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டி, அதில் வண்டியை ஏற்றிப் போகிற வழக்கம் ஐரோப்பாவில் சர்வசாதாரணம். 750 கிலோ வரை அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக்கூடத் தேவையில்லை. இங்கேயும் 2004-ல் மத்திய அரசு போட்ட வாகனப் பட்டியலில், சொந்த உபயோக டிரெய்லர் என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வெளியே நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால், கரும்போடு. டிரெய்லர் உங்கள் துறை அல்ல, பக்கத்தில் இருக்கும் சாலைப் போக்குவரத்துத் துறை என்று சொல்வீர்கள். சரி. அந்தப் பக்கத்துத் துறைதான் 2021-ல் மோட்டார் சைக்கிள் ஏற்றும் லாரிகளுக்கு மூன்று அடுக்கு வரை அனுமதி கொடுத்தது. ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குப் போகிற புது வண்டி அப்படிச் சொகுசாகப் போகும். வாங்கிய பிறகு அதே வண்டி ஊர் மாறினால் அதற்கு நாதியில்லை.

உங்களுக்குச் சாய்தளம் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் லாரிகள், லோடோடு, தாங்களே ஓடி ரயில் ஏறுகின்றன. 2025 ஆகஸ்டில் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்குக் கார்களும் அப்படி ஏற ஆரம்பித்தன. ஆஸ்திரியாவில் இரவு ரயிலில் கோக்கிற பெட்டியில், ஹெல்மெட் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிள்காரர் தானே ஓட்டி ஏறுகிறார். வண்டியைப் பட்டையால் கட்டியதும் படுக்கைக்குப் போய்விடுகிறார். பத்துச் சக்கர லாரி இந்திய ரயிலில் ஏறும். நாலு சக்கரக் கார் ஏறும். இரண்டு சக்கரம் என்றால் மட்டும் நாலு பேர் தூக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஐயா, அம்மா, நான் புது ரயில் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஏசி பெட்டி கேட்கவில்லை. பரவைக்கு ஒரு ஸ்டாப்பிங்கூட இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, அதற்குத் தனிக் கடிதம் வரும். பார்சல் ஏற்றுகிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு உயரத்துக்கு ஏற்ற ஒரு சாய்பலகை வேண்டும். லக்கேஜ் பெட்டியின் தரையில் கயிறு மாட்ட நாலு கொக்கி வேண்டும். கவுன்ட்டரில், மதிப்பை எழுதாவிட்டால் உங்கள் வண்டி கிலோ 50 ரூபாய் என்று, எங்கள் மார்க்கெட்டில் விலைப் பலகை வைக்கிற மாதிரி, பெரிய எழுத்தில் தமிழில் ஒரு போர்டு வேண்டும். போர்டைப் படித்துவிட்டு யாரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார்கள்; உங்களுக்கும் கட்டணம் சேரும்.

பலகை வாங்க நிதி ஒதுக்கீடு இல்லை, டெண்டர் விட வேண்டும், கமிட்டி போட வேண்டும் என்று பதில் வருமானால், அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். எங்கள் மார்க்கெட்டில் பழைய பலகைகள் நிறையக் கிடக்கின்றன. எத்தனை வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், அனுப்பி வைக்கிறோம். பார்சலில் அல்ல, குட்டி யானையில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
195 கிலோவுக்குச் சொந்தக்காரன்,
பரவை.